துறைமுகத்தாரும் கணினிச் சொற்களும்

இராயபுரத்துக் கடலோரத்திற் பிறந்து வளர்ந்தார்க்கு ஏற்றுமதி, இறக்குமதி என்னும் இரு சொற்களையும் எவரும் விளக்கிக் கூற வேண்டுவதில்லை. சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமையுமுன்னர்க் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த பலகைகளாலாகிய மசூலாப் படகுகளிற் சரக்கையும் மாந்தரையும் அலைகளினூடே ஏற்றியும் இறக்கியும் பிழைத்தவர்கள் இப்பக்கத்துப் படகோட்டிகளே. ஊரின் பெயரும் அத்தொழிலுக்கு இயைந்ததே. கத்தோலிக்கத் தமிழர் பேதுருவை இராயப்பர் என்று வழங்குவர். அவரும் வலை வீசினவர். அத்தகைய ஊரிலே முதியவர் ஒருவர் கைப்பேசியைக் கையிற்கொண்டு, “பதிவிறக்கம் என்றால் என்ன?” என்று வினவினால், விடை தேடி வெகுதூரம் செல்லவேண்டுமோ? தொலைவில் நிற்கும் கப்பலினின்று நம் கரைக்கு வருவது இறக்கம். நம் கரையினின்று அங்குச் செல்வது ஏற்றம். கப்பல் நிற்குமிடத்தில் எங்கோ ஓரிடத்துள்ள பெருங்கணினியையும், கரையிருக்குமிடத்தில் நம் கைப்பேசியையும் வைத்துக்கொண்டால் பொருள் முடிந்தது.

யாம் அறுவர், எம் கல்லூரி மாணவர்கள், இவ்வாண்டு ஞாயிறுதோறும் மாலையில் இராயபுரத்து மண்டபம் ஒன்றில் கணினியையும் இணையத்தையும் பற்றிய தொடக்கப் பாடத்தை நடத்திவந்தோம். கற்க வந்தவர் பதினால்வர். காசிமேட்டு மீன்பிடித் துறையில் ஐஸ் உடைப்பார் ஒருவர், விசைப்படகு எஞ்சின் பழுது பார்ப்பார் இருவர், மீன் விற்கும் பெண்டிர் ஐவர், திருவொற்றியூரினின்று வரும் தையற்காரர் ஒருவர், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றோர் நால்வர், துறைமுகத்தில் டாலி குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். டாலி என்பது கப்பலில் ஏறும் சரக்கையும் இறங்கும் சரக்கையும் எண்ணிக் குறித்துச் சரிபார்க்கும் பணி. இப்பெரியவரைப் பற்றிப் பின்னரும் சொல்லவேண்டியிருக்கும். ஏனெனில் பாடங்களிற் பாதியை நடத்தியவர் அவரே.

யாம் எடுத்துச்சென்ற சொற்பட்டியல் நீளமானது. வன்பொருள், மென்பொருள், உலாவி, தேடுபொறி, வழங்கி, செயலி, கோப்பு, கோப்புறை, விசைப்பலகை, சுட்டி, இன்னும் பல. இவற்றுட் சில கேட்டவுடனே பொருளைத் தந்துவிட்டன. சுட்டி என்றதும் சுட்டிக்காட்டுவது என்றனர். கோப்பு என்பது கச்சேரிகளில் நெடுநாளாய் வழங்கும் சொல்லாதலால் அதிற் தடையில்லை. நினைவகம் இருவகை என்று சொல்லி, ஒன்று கப்பலினின்று இறங்கிய சரக்கைச் சிறிதுபோது வைக்கும் கொட்டகை, மற்றொன்று நெடுங்காலம் வைக்கும் கிடங்கு என்றோம். மின்சாரம் நின்றவுடன் கொட்டகை காலியாகும், கிடங்கு காலியாகாது என்பதையும் சேர்த்துக்கொண்டனர். கிடங்கு என்னும் இச்சொல்லே ‘கோடவுன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முன்னோர்களுள் ஒன்றாகலாம் என்று அகராதிக்காரர் சிலர் கூறுவர். கட்டுமரம் ஆங்கிலத்திற் ‘காட்டமரான்’ ஆனதில் ஐயமே இல்லை. கொடுத்தவர் வாங்குவதற்கு நாணவேண்டியதில்லை என்று கருதி, வைஃபை என்பதை வைஃபை என்றே விட்டுவிட்டோம். அருகலை என்னும் சொல் அழகியதே. ஆயினும் காசிமேட்டில் அதைச் சொன்னால் கடலில் எந்த அலை என்று கேட்கிறார்கள்.

நிற்க. இணையத்திற் செய்தி எவ்வாறு செல்லுகிறது என்பதைச் சொல்லத் தொடங்கிய நாளிலேதான் பாடம் உயிர்பெற்றது. ஒரு நிழற்படத்தை அனுப்பினால் அது முழுப்பொருளாகச் செல்வதில்லை; சிறுசிறு துண்டுகளாக வெட்டப்பெற்று, ஒவ்வொரு துண்டின்மேலும் அனுப்பினார் முகவரி, பெறுவார் முகவரி, எத்தனையாவது துண்டு என்னும் எண் ஆகியன பொறிக்கப்பெற்றுச் செல்லுகிறது; துண்டுகள் ஒரே வழியிற் செல்லவேண்டும் என்னும் கட்டாயமில்லை; சேருமிடத்தில் எண்வரிசையாக அடுக்கப்பெற்று மீண்டும் படமாகிறது என்று சொன்னோம். இத்துண்டுக்குப் ‘பாக்கெட்’ என்று பெயர். தமிழிற் பொதி எனலாம். இம்முறையை 1960-களில் அமெரிக்காவிற் பால் பேரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிசும் ஒருவரையொருவர் அறியாமலே தனித்தனியே கண்டனர்.

இதைக் கேட்ட டாலிப் பெரியவர் சிரித்தார். “தம்பி, நீ சொல்றது கன்டெய்னருப்பா” என்றார். உண்மை அதுவே. 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்ளீன் என்பவர் அமெரிக்காவில் நியூவார்க்கு நகரினின்று ஹூஸ்டன் நகருக்கு 58 உலோகப் பெட்டிகளைக் கப்பலில் அனுப்பினார். அதற்குமுன் மூட்டை, பீப்பாய், பெட்டி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே தூக்கவேண்டியிருந்தது. பெட்டி ஒரே அளவினதாக ஆனபின், உள்ளே யாதுளது என்று கப்பலும் கேட்கவில்லை, லாரியும் கேட்கவில்லை, பாரந்தூக்கியும் கேட்கவில்லை. இணையமும் அவ்வாறே, பொதிக்குள் இருப்பது பாட்டோ படமோ பணமோ என்று வழியிலுள்ள கருவிகள் கேட்பதில்லை, மேலுள்ள முகவரியை மட்டும் பார்த்துத் தள்ளிவிடுகின்றன. இங்கே வியத்தற்குரிய ஓர் ஒற்றுமையுண்டு. சென்னைத் துறைமுகத்திற் பெட்டிகளுக்கென்றே தனி முனையம் தொடங்கியது 1983-ல். இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் இன்றைய இணையத்திற்கு அடிப்படையான நெறிமுறைக்கு மாறியதும் அவ்வாண்டு ஜனவரி 1 அன்றுதான்.

பெரியவர் அதனோடு விடவில்லை. எழுந்து சென்று கரும்பலகையில் ஒரு கன்டெய்னர் எண்ணை எழுதினார். முதலில் நான்கு எழுத்து. அடுத்து ஆறு இலக்கம். கடைசியிற் கட்டத்துக்குள் ஓர் இலக்கம். அக்கடைசி இலக்கம் வரிசையெண்ணைச் சேர்ந்ததன்று. முன்னுள்ள பத்துக் குறிகளையும் ஒரு கணக்கிற்கு உட்படுத்தி, வந்த தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை எழுதுவதே அது. எழுதுவோர் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டாற் கணக்கு ஒத்துவராது. பிழை அங்கேயே வெளிப்படும். இணையப் பொதியிலும் இத்தகைய சரிபார்ப்புத் தொகை உண்டு. வழியிற் சிதைந்த பொதியைப் பெறும் கணினி அதை எறிந்துவிடும். ‘வந்துசேர்ந்தது’ என்னும் விடை வாராமை கண்டு அனுப்பிய கணினி மீண்டும் அனுப்பும். முப்பதாண்டுக் காலம் பெட்டியெண்களைப் பார்த்து எழுதிய ஒருவருக்கு இதனை விளக்க எமக்கு வேலையே இல்லை. புத்தகங்களில் இவ்விளக்கத்தைக் கடிதம், அஞ்சலுறை என்று எழுதுகிறார்கள். மணலிச் சாலையில் வரிசையாய் நிற்கும் கன்டெய்னர் லாரிகளை நாடோறும் பார்ப்பவர்க்கு, இணையம் ஏன் சிலபோது மெதுவாகிறது என்பதை அஞ்சலுறையைக்கொண்டு சொல்லுவது வீண்.

முகவரியைப் பற்றியும் சிறிது கூறினோம். ஒவ்வொரு கணினிக்கும் எண்ணாலாகிய முகவரி ஒன்றுண்டு. நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இவ்வாறு ஏறக்குறைய 429 கோடி முகவரிகளே அமையும். உலகத்து மக்கட்டொகைக்கு அது போதாமையால் நீண்ட முகவரிமுறை பின்னர் ஏற்பட்டது. எண்களை மனத்திலிருத்தல் அரிதாதலால் அவற்றுக்குப் பெயர் வைத்தனர். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித்தரும் ஏடு போன்ற அமைப்பு உலகெங்கும் உண்டு. அப்பெயர்களின் இறுதியில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று தமிழெழுத்தாலேயே எழுதவும் இடமிருக்கிறது.

‘லாகின்’ என்னும் சொல்லைப் பற்றி யாம் அறிந்ததைச் சொன்னபோது எஞ்சின்காரர் இருவரும் மிக்க மகிழ்ச்சி கொண்டனர். ‘லாக்’ என்பது மரக்கட்டை. பழைய மாலுமிகள் முடிச்சிட்ட கயிற்றிற் கட்டையைக் கட்டிக் கடலிலெறிந்து, குறித்த பொழுதிற்குள் எத்தனை முடிச்சு கைநழுவிற்று என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிந்தனர். அதனாலேதான் இன்றும் கப்பலின் வேகத்தை ‘நாட்’, அதாவது முடிச்சு, என்னும் அளவாற் கூறுகிறோம். அவ்வளவைக் குறித்துவைத்த ஏடு ‘லாக்புக்’ ஆயிற்று. அவ்வேட்டிற் பெயர் பதிதலே ‘லாகின்’. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகக் கணினியினின்று ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணினிக்கு முதன்முதல் அனுப்ப முயன்ற சொல்லும் இதுவே. முதலிரண்டு ஆங்கில எழுத்துக்கள் சேர்ந்தவுடன் அங்குள்ள கணினி நின்றுவிட்டது. ‘சைபர்’ என்பதும் கடலினின்று வந்ததே. சுக்கான் பிடிப்போனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினடியாக நார்பர்ட் வீனர் என்னும் கணித நூலார் 1948-ல் எழுதிய நூலின் பெயரிலிருந்து அது பரவிற்று. தமிழில் அவனை மீகாமன் என்போம். ‘உள்நுழை’ என்று தமிழில் எழுதும்போது பொருள் நன்கு விளங்குகிறது. கட்டை மட்டும் மூழ்கிவிடுகிறது.

இணையம் வானத்திலிருந்து வருகிறதென்பதே பதினால்வரும் கொண்டிருந்த எண்ணம். முகில் என்றும் ‘கிளவுட்’ என்றும் பெயரிட்டால் வேறு எவ்வாறு எண்ணுவர்? முகிலெனப்படுவது வேறெங்கோ உள்ள கணினிக் கூடமே. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அத்தகைய கூடங்கள் உள. நாடுவிட்டு நாடு செல்லும் செய்தியிற் பெரும்பகுதி கடலடியிற் கிடக்கும் கண்ணாடியிழைக் கம்பிகளின் வழியாகவே செல்லுகிறது. சென்னையினின்று பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1871-ஆம் ஆண்டிலேயே தந்திக்கம்பி கடலடியில் ஓடிற்று. 2002-ல் சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள இழைக்கம்பியும், 2020-ல் அந்தமான் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பியும் சென்னையினின்று சென்றன. இதைக் கேட்டு ஐஸ் உடைப்பவர், நங்கூரம் பட்டால் அறுந்துபோகுமே என்றார். அறுந்ததுண்டு, உலகத்திற் கடற்கம்பிகள் பழுதுபடுவதற்கு நங்கூரமும் மீன்வலையும் முதன்மையான காரணங்களுள் அடங்கும். யாம் சொல்லாமலே அவர் அதனை அறிந்துகொண்டார்.

இனிச் சொற்களை ஆக்கியோரைப் பற்றி ஒரு வார்த்தை. இணையம் என்னும் சொல்லை வழங்கச் செய்தவர் சிங்கப்பூர்த் தமிழாசிரியரும் எழுத்தாளருமாகிய நா. கோவிந்தசாமி என்பர். 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது தமிழையும் அதன்கண் ஏற்றியவர் அவர்; 1999-ல் மறைந்தார். அவ்வாண்டு பெப்ருவரியிற் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலே தமிழ் விசைப்பலகைக்கு ஒரு பொதுமுறை வகுக்கப்பட்டது. அவர்கட்கு நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே, 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அதற்கு வேண்டிய சொற்களையும் தேடித்தொகுத்தார். அவருடைய மாணாக்கர் நோயாளியினிடம் நோயாளியின் மொழியிற் பேச நேர்ந்தது. எம்முடைய மாணாக்கர்க்கு அந்நிலை வாய்க்கவில்லை. அவர்களோடு பேசும் கருவி பெரும்பாலும் ஆங்கிலத்திற் பேசுகிறது.

இதற்குரிய காரணங்களுள் ஒன்று எழுத்தைப் பற்றியது. சொல்லாமல் விடுதற்கு மனமில்லை. கணினிக்குத் தெரிந்தவை இரண்டே குறிகள், ஒன்றும் சுன்னமும். அத்தகைய குறி எட்டுச் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு முறையில் அகரத்தின் எண் 2949; இணையத்தில் வழங்கும் எழுத்துமுறையில் அதற்கு மூன்று பைட் வேண்டும். ககரமெய்யோடு இகரம் சேர்ந்த உயிர்மெய்க்கு ஆறு. கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலமாயின் 160 குறிகள் அடங்கும். தமிழாயின் 70 மட்டுமே. “இவ்வெண்ணை எவர்க்கும் சொல்லற்க” என்னும் எச்சரிக்கையைத் தமிழில் அனுப்பினால் ஒரு செய்தி இரண்டாகவோ மூன்றாகவோ பெருகும், செலவும் பெருகும். எச்சரிக்கை ஆங்கிலத்திலேயே வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாமோ என்று எமக்குத் தோன்றுகிறது.

அவ்வெச்சரிக்கை எவ்வளவு இன்றியமையாததென்பதை எம் வகுப்பிலேயே கண்டோம். கடவுச்சொல் என்னும் சொல்லைப் பலகையில் எழுதியபோது, மீன் விற்கும் அம்மையார் ஒருவர் அதைக் ‘கடவுள் சொல்’ என்று படித்தார். “கடவுள் சொல்ல மறைச்சு வெக்கச் சொல்றியே கண்ணு, அத்த நாலு பேருக்குச் சொல்றதுதானே ஊழியம்?” என்று அவர் கேட்க, வகுப்பு முழுதும் சிரித்தது. கடவு என்பது வழி. கடவுச்சீட்டு என்பதில் வருவதும் அதுவே. சொல்லிற் குற்றமில்லை. ஆயினும் எவர்க்கும் சொல்லக்கூடாத ஒன்றுக்கு, எல்லார்க்கும் சொல்லவேண்டியதைப் போல ஒலிக்கும் பெயர் அமைந்ததே என்று அன்றிரவு மின்வண்டியில் யாம் பேசிக்கொண்டே சென்றோம்.

அவ்வம்மையாரே ஒரு மாதம் சென்றபின் வகுப்பிற்கு வாராதிருந்தார். வீடு சென்று விசாரித்தோம். மீன்பிடித் தடைக்காலம், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள், நடந்துகொண்டிருந்த பொழுது அது. முகமறியாத ஒருவன் தொலைபேசியில் அழைத்து, தடைக்கால நிவாரணப்பணம் தேங்கிநிற்கிறதென்றும், கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கத்தைச் சொன்னால் உடனே விடுவிப்பதாகவும் கூறினான். ஆறு இலக்கம் வந்தது, ஆங்கில வாக்கியங்களின் நடுவே. அம்மையார் இலக்கங்களைப் படித்துச் சொல்லிவிட்டார். சீட்டுக்காகச் சேர்த்துவைத்த 12,000 ரூபாய் போயிற்று. அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பெண் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்ததால் அதிற் பாதிக்கும் குறைவான தொகை வழியில் முடக்கப்பெற்றுப் பின்னர் மீண்டது.

அடுத்த ஞாயிறன்று பாடம் முழுதும் இவ்வாறு இலக்கத்தைப் பற்றியே நிகழ்ந்தது. அதனை ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ என்று பட்டியலில் எழுதியிருந்தோம். இதற்கு உவமை யாது என்று வினவினோம். ஐஸ் உடைப்பவர், டோக்கன் என்றார். எண்ணூர்ப் பெரியவர் ஒருவர், கேட்பாஸ் என்றார். டாலிப் பெரியவர் இரண்டையும் மறுத்தார். டோக்கனையும் கேட்பாஸையும் வாயிலில் நின்று கேட்பவனிடம் காட்டவேண்டும். காட்டாவிடில் உள்ளே விடமாட்டான். துறைமுகத்திலும் மீன்துறையிலும் வாழ்நாள் முழுதும் கேட்டவனிடம் சீட்டை நீட்டிப் பழகியவர்கள், தொலைபேசியிற் கேட்டவனிடமும் அவ்வாறே நீட்டினார்கள் என்றார். எமக்கு இது தோன்றவேயில்லை. அம்மையார் அறிவிலாமையால் ஏமாந்தாரல்லர். தாம் நன்கறிந்த வழக்கத்தின்படியே நடந்தார்.

பின்னர் அவரே, அம்மையாரைப் பார்த்து, “யம்மா, கந்துக்காரன் வெத்துப் பேப்பர்ல கைநாட்டு கேட்டா வெப்பியா?” என்று கேட்டார். “செத்தாலும் வெக்க மாட்டேன்” என்றார் அம்மையார். “இது அந்தக் கைநாட்டு” என்றார் பெரியவர்.

அன்றுமுதல் எம் வகுப்பில் அவ்வாறு இலக்கத்திற்குக் கைநாட்டு எண் என்று பெயர். தொகையை அனுப்புதற்கு மட்டுமே இரகசிய எண் வேண்டும், பெறுதற்கு எந்த எண்ணும் வேண்டா, கட்டக்குறியைக் கைப்பேசியிற் காட்டவும் வேண்டா என்பதையும் அதனோடு சேர்த்துச் சொன்னோம்; பணம் வாங்குபவன் பத்திரத்திற் கைநாட்டு வைப்பதில்லையே என்று மீன் விற்கும் பெண்டிர் ஐவரும் ஒருசேர விடையிறுத்தனர். அகராதி செய்வோர் இப்பெயரை ஏற்பரோ மாட்டாரோ, அறியோம். பொறிவல்லார் குறை காணவும் கூடும். கைநாட்டு மாறாதது, இவ்வெண் ஒவ்வொரு முறையும் மாறுவது. எனினும் எதற்காக அஞ்சவேண்டுமோ அந்த அச்சத்தை அப்பெயர் தன்னோடு கொண்டுவருகிறது, கடவுச்சொல் கொண்டுவரவில்லை.

பட்டியலிற் தொடக்கத்தில் இருந்தவை 80 சொற்கள். இப்பொழுது 112 இருக்கின்றன. புதியனவற்றுட் பல வகுப்பார் தாமே தந்தவை. ‘பஃபர்’ என்பதற்குக் கொட்டகை. ‘கியூ’ என்பதற்கு லாரிவரிசை. செய்தி செல்லாது சுழன்றுகொண்டிருக்கும் நிலைக்குக் கப்பல் காத்திருப்பு. வழங்கி என்னும் சொல்லை மட்டும் எவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வழங்குபவர் வள்ளல் அன்றோ, இது கேட்டதைத்தானே எடுத்துத் தருகிறது என்று தையற்காரர் ஆட்சேபித்தார். கிடங்குக்காரன் என்றார் ஒருவர். பரிமாறி என்றார் ஒருவர். அம்மையார், “சர்வருன்னா ஓட்டல்ல டிபன் வெக்கிறவரு, அப்டியே வுடு கண்ணு” என்றார். அவ்விடத்திற் பலகையில் வினாக்குறி ஒன்று இட்டிருக்கிறோம்; விடுமுறை கழிந்தபின் மேற்கொண்டு பேசுவதாக உடன்பாடு.